பனிச்சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர்

காஷ்மீருக்குச் சென்று திரும்பியவர்கள் குல்மர்க்கைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். அதற்குப் பதின்மூன்று கிலோமீட்டர் முன்னால், மலையடிவாரத்தில் இருக்கும் தங்மார்க் என்னும் சிற்றூரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கோடையில் அவ்வூரில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. தேநீர் அருந்த விரும்பினால் நிற்கலாம். குளிர்காலத்திலோ, பனி விழுந்துவிட்டால் தங்மார்க்கைத் தாண்ட அனுமதி வேண்டும். அந்த அனுமதி மனிதருக்கு அன்று. அவர் ஏறி வந்த வண்டிக்கு.

2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் பிற்பகுதியில், ஒரு காலை வேளையில், நானும் என் மைத்துனரும் அவ்வூரின் சோதனைச் சாவடி முன் நின்றோம். நான் கலைப் பட்டதாரி. கார் ஓடுகிறது என்பது தெரியும். எதனால் ஓடுகிறது என்று அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. மைத்துனர் அதற்கு நேர்மாறானவர். வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறார். எஞ்சின் இருமினால் இன்ன நோய் என்று காதாலேயே சொல்லிவிடுவார். ஆனால் அவரும் பனியைக் கண்ணால் கண்டவர் அல்லர்.

பனி என்ற சொல்லே நமக்கு இங்கே போதாமல் போகிறது. மார்கழி விடியலில் வெற்றிலைக் கொடியின் மேல் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான். ஏப்பமிடும் வாயிலிருந்து புகையாக வருவதற்குக் காரணமான குளிரும் பனிதான். ஆளுயரத்திற்குச் சாலையோரம் குவிந்து கிடப்பதும் பனிதான். காஷ்மீரிகள் வானத்திலிருந்து பொழியும் வெண்பனியை 'ஷீன்' என்கிறார்கள். அது தரையில் விழுந்து, மிதிபட்டு, பகலில் உருகி, இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிட்டால் அது வேறு பொருள். அதன் குணமும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வண்டியைக் கிளப்புகிறவர்கள்தாம் அந்தச் சாலையில் அல்லல்படுகிறார்கள் என்பதை மாலைக்குள் நான் கண்டுகொண்டேன்.

நாங்கள் சென்றிருந்தது 'சில்லைக் கலான்' என்னும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம். டிசம்பர் 21 அன்று தொடங்கி ஜனவரி இறுதிவரை நீடிப்பது. பாரசீகத்தில் 'சில்லா' என்றால் நாற்பது நாள்; நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதன் பின் 'சில்லைக் குர்த்' என்னும் இருபது நாட்கள், 'சில்லைப் பச்சா' என்னும் பத்து நாட்கள். பெரியது, சிறியது, குழந்தை என்று குளிருக்கே ஒரு குடும்பம் வைத்திருக்கிறார்கள்! அந்நாட்களில் ஆடவரும் பெண்டிரும் 'ஃபெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் 'காங்கிரி' என்னும் கரிநெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு நடமாடுவதைக் காணலாம்.

ஸ்ரீநகரிலிருந்து எங்களை அழைத்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஓட்டுநர். என் தாடியையும் தொப்பியையும் பார்த்த முதல் நொடியிலிருந்து என்னை 'மௌலானா ஸாஹிப்' என்றே அழைத்தார். நான் அவரைப் 'பாய் ஸாஹிப்' என்றேன். அவருடையது சிறிய கார். நார்பல், மாகாம், குன்ஸர் என்று ஊர்கள் கடந்தன. இலையுதிர்ந்த பாப்ளார் மரங்கள் இருமருங்கும் துடைப்பக் குச்சிகளைப் போல் நின்றன. சாலையின் நடுவே தார் தெரிந்தது. ஓரங்களில் மட்டும் வெண்மை. தங்மார்க் வந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "இதற்கு மேல் என் வண்டி வராது, மௌலானா ஸாஹிப்" என்றார்.

"ஏன், பழுதா?"

"பழுதில்லை. முன்சக்கர வண்டி."

எனக்கு விளங்கவில்லை. மைத்துனர் சிரித்தார். "மச்சான், எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் எல்லாச் சக்கரத்தையும் சுற்றுவதில்லை. சிலவற்றில் முன்னிரண்டை மட்டும் சுற்றும். சிலவற்றில் பின்னிரண்டை மட்டும். மற்ற இரண்டும் சும்மா உருண்டு வரும், கல்யாண வீட்டுக்கு உடன் வந்த பிள்ளைகளைப் போல."

அந்தச் சாவடியின் எதிரே தேநீர்க் கடை. உள்ளே அடுப்பைச் சுற்றி ஏழெட்டு ஓட்டுநர்கள் அமர்ந்திருந்தார்கள். மேலே செல்ல வேறு வண்டி பேசும்வரை அங்கே காத்திருந்தோம். நான் உருதுவில் கேட்டு மைத்துனருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தமிழில் கேட்டதை உருதுவில் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதை வாசக அன்பர்களுக்கு இங்கே தருகிறேன்.

நாம் இளமையில் கண்ட அம்பாசிடர் கார் பின்சக்கர இயக்கம் உடையது. எஞ்சின் முன்னால் இருக்கும். ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடிவயிற்றில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றும். 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிற்கும்வரை அது அப்படியே இருந்தது. ஆள் இல்லாமல் தனியே போகும்போது இத்தகைய வண்டியின் பாரம் முன்னால் கூடுதலாகவும், தள்ள வேண்டிய பின்சக்கரங்களின் மேல் குறைவாகவும் இருக்கிறது. பாரம் இல்லாத சக்கரம் வழுக்கும் தரையை எப்படிப் பற்றும்? ஆக்ஸிலேட்டரைச் சிறிது அதிகமாக மிதித்தாலும் பின்பகுதி ஒருபுறமாக விலகி, வண்டி தன் வாலைத் தானே பிடிக்கப் போவது போல் திரும்பிவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில் அந்தக் காலத்தில் பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றிக்கொள்வார்கள்.

1983 டிசம்பரில் நம் நாட்டுச் சாலைக்கு வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் உடையது. எஞ்சினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால். எஞ்சினின் பாரம் முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. தள்ளுவண்டியைச் சேற்றில் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தவர்களுக்கும், முன்னாலிருந்து இழுத்துப் பார்த்தவர்களுக்கும் இதன் நயம் தெரியும். தள்ளினால் கோணும், இழுத்தால் நேரே வரும். சமதரைப் பனியில் முன்சக்கர வண்டி பின்சக்கர வண்டியை விட அமைதியாகச் செல்வது இதனால்தான்.

"அப்படியானால் உங்கள் வண்டி ஏன் மேலே ஏறாது?" என்று எங்கள் ஓட்டுநரைக் கேட்டேன்.

அவர் மேசை மேலிருந்த ரொட்டித் தட்டை ஒரு பக்கமாகத் தூக்கிக் காட்டினார். ரொட்டிகள் கீழ்ப்பக்கத்திற்குச் சரிந்தன. "மலையில் பாரம் பின்னால் போகிறது. நீங்கள் இருவரும், பெட்டியும், பின்னால் இன்னும் இருவரும் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். ஆள் ஏற ஏற என் வண்டிக்குக் கால் வழுக்கும். அதோ அந்தச் சுமோவுக்கு ஆள் ஏற ஏறக் கால் ஊன்றும்."

டாடா சுமோ பின்சக்கர வண்டி. வெறுமையாக இருக்கும்போது பனியில் அதைப்போல் முரண்டு பிடிப்பது வேறில்லை என்றார்கள். ஆனால் எட்டுப் பேரை ஏற்றி, பின்சக்கரங்களில் சங்கிலியும் கட்டிவிட்டால் குல்மர்க் ஏற்றத்தில் அது நிதானமாக ஏறுகிறது. 2019ஆம் ஆண்டிலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் தங்மார்க்கில் அன்று வரிசையாகப் பல சுமோக்கள் நின்றன.

சங்கிலி வாங்காமல் முன்சக்கர வண்டியை ஏற்றுவதற்கு மலைவாசிகளிடம் ஒரு தந்திரம் உண்டு. வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே ஏற்றுவார்கள். அப்போது இழுக்கும் சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கமாகிவிடும். பாரமும் அவற்றின் மேல் வந்து விழும். ஒரு குறுகிய ஏற்றத்தைக் கடக்க இது உதவும். பதின்மூன்று கிலோமீட்டருக்கு யாரால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்ட முடியும்?

மூன்றாவது வகைதான் நாற்சக்கர இயக்கம். அந்தச் சாவடியில் சங்கிலி இல்லாமல் மேலே விடப்படுபவை இவையே. பழைய ஜீப்பிலும், மாருதி ஜிப்ஸியிலும் கியர்த் தண்டுக்கு அருகே இன்னொரு சிறு தண்டு இருக்கும். அதைப் போட்டால் எஞ்சினின் வலு முன்னிரண்டு, பின்னிரண்டு என நான்கிற்கும் பகிர்ந்து செல்லும். ஒரு மூட்டையை இருவர் சுமப்பதற்கும் நால்வர் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் சுமை பாதியாகிறது. ஆகவே எந்தச் சக்கரமும் எளிதில் வழுக்குவதில்லை. ஆனால் இந்தப் பழைய ஏற்பாட்டைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுவைக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட அதிக தூரம் செல்ல வேண்டும். பனியென்றால் ஏதேனும் ஒரு சக்கரம் சற்றே வழுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துவிடும். தாரிலோ வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். அதனால் தங்மார்க்கில் போட்டு, திரும்பி வந்து தங்மார்க்கிலேயே எடுத்துவிடுகிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் வைத்து இந்த இடரை நீக்கிய கார்களும் உண்டு. 1980இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் வெளியிட்ட 'குவாட்ரோ' அவற்றுள் பெயர் பெற்றது.

டிஃபரன்ஷியல் என்று சொன்னேன் அல்லவா? அது இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கரக் கூட்டு. அது இல்லாமல் கார் இல்லை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். ஒரு சக்கரம் பனிக்கட்டியிலும் மறு சக்கரம் நல்ல தரையிலும் இருந்தால், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்க, வழுக்குகிற சக்கரமே வேகமாகச் சுழலும். ஊதாரி மகனுக்கே பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் தந்தையைப் போல! முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரு சக்கரங்கள் கண்ணாடிப் பனியில் சிக்கினால் பழைய ஜீப் கூட நின்ற இடத்திலேயே நிற்கும். புதிய வண்டிகளில் வழுக்கும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடித்து அடக்குகிறது.

நாங்கள் இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு வாக்குவாதம். சமவெளி மாநிலம் ஒன்றின் பதிவெண் தாங்கிய உயரமான, கம்பீரமான புதிய வண்டி. "இது எஸ்.யூ.வி. தெரியவில்லையா?" என்று அதன் உரிமையாளர் சாவடியில் இருந்தவரிடம் உரத்துக் கேட்டார். அவர் பதிலே சொல்லவில்லை. பனியில் ஒரு காலை ஊன்றிக் குனிந்து வண்டியின் பின்புற அடியைப் பார்த்தார். எழுந்து கையை ஆட்டி, 'சங்கிலி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மைத்துனருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பின்அச்சின் நடுவே கிரவுன் பினியன் அடங்கிய உருண்டை இருக்கிறதா என்று பார்த்தார், மச்சான். இல்லை. உருவம்தான் பெரிது, உள்ளே அது முன்சக்கர வண்டி" என்றார். நம் நாட்டில் இன்று எஸ்.யூ.வி. என்று விற்பனையாகும் வண்டிகளில் பல முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை என்பதை வாங்கியவர்களிலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

அதற்கு அடுத்து வந்தது உண்மையான நாற்சக்கர வண்டி. உள்ளே கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், பின்னிருக்கையில் ஒரு மூதாட்டி. சாவடிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு வழிவிட்டார். ஓட்டியவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தபடி விரைந்தார்.

நாங்கள் வாடகைக்குப் பேசிய சுமோவின் ஓட்டுநர் இளைஞர். சங்கிலிகளைப் பின்சக்கரங்களுக்கு முன்னால் ஏணிபோல் பரப்பி, வண்டியை அவற்றின் மேல் ஏற்றி, முனைகளை உள்ளும் புறமும் கொக்கியில் மாட்டினார். மைத்துனரும் முழங்காலிட்டு உதவினார். பத்து நிமிட வேலை, விரல்கள் மரத்துவிட்டன. "முன்சக்கர வண்டிக்கு முன்னால் கட்ட வேண்டும், பின்சக்கர வண்டிக்குப் பின்னால். மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம்" என்றார் இளைஞர். பிறகு ஜல்ஜல் என்று, மாட்டு வண்டிச் சலங்கையை நினைவூட்டும் ஓசையோடு புறப்பட்டோம். சங்கிலி கட்டிய வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் அது அறுந்து சக்கர வளைவைக் கிழித்துவிடும்.

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும், குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அந்த ஏற்றத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டரில்தான் இருக்கிறது. தேவதாரு மரங்கள் கிளைதோறும் பனியை ஏந்தி நின்றன. பனி அகற்றும் எந்திரங்கள் வெட்டி ஒதுக்கிய பனி இருபுறமும் சுவராக எழுந்திருந்தது. நடுவில் வெள்ளைப் பாய் விரித்தது போன்ற சாலை. எங்கள் சுமோ நத்தை வேகத்தில், ஆனால் ஓரிடத்திலும் தடுமாறாமல் ஏறியது.

குல்மர்க்கின் அழகைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை. ரோப்காரில் ஏறினோம், இறங்கினோம். மைத்துனர் பனியை இரு கைகளாலும் அள்ளி மோந்து பார்த்து, "வாசனையே இல்லை" என்று ஏமாற்றத்துடன் கூறியது மட்டும் நினைவிலிருக்கிறது. மூன்றரை மணிக்கெல்லாம் ஓட்டுநர் எங்களை அவசரப்படுத்தினார். பகல் வெயிலில் சாலையின் மேற்பரப்பு இளகியிருக்கும். மலை நிழல் விழுந்ததும் அது கண்ணாடியாகிவிடும் என்றார்.

இறங்கும்போதுதான் காலையில் கேட்ட பாடத்தின் மறுபாதி விளங்கியது.

ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும். எஞ்சின் இரண்டு சக்கரத்தைச் சுற்றுகிறதா, நான்கைச் சுற்றுகிறதா என்பது அங்கே பெரிய வேறுபாடு. ஆனால் நிற்பதற்கு பிரேக் வேண்டும். பிரேக் அம்பாசிடருக்கும் நான்கு சக்கரத்தில்தான், மாருதிக்கும் நான்கில்தான், விலையுயர்ந்த நாற்சக்கர வண்டிக்கும் அதே நான்கில்தான். நிறுத்தும் வேளையில் அவை யாவும் சமம். பனியைப் பற்றுவது டயரின் ரப்பர் மட்டுமே. மைத்துனர் அன்றிரவு விடுதியில் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் அழுத்திய பின், காய்ந்த தாரில் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும். மிதிபட்டு இறுகிய பனியில் சுமார் 25 மீட்டர். கண்ணாடிப் பனியிலோ 60 மீட்டரையும் தாண்டும். நாற்சக்கர இயக்கம் இந்தக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை. ஏறும்போது வழுக்காத வண்டி, 'தரை நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஓட்டுபவரை நம்பவைத்து, அவர் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. தடுமாறித் தடுமாறி ஏறியவனுக்கு அந்த மயக்கம் வருவதில்லை.

நம் சமவெளியில் விற்கும் டயர்களின் ரப்பர் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்நாடுகளில் தனியே குளிர்கால டயர் உண்டு. அதன் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும். ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் அது இல்லாமல் ஓட்டுவது 2010 முதல் சட்டப்படி குற்றம். குளிர்கால டயர் மாட்டிய முன்சக்கரச் சிறு கார், சாதாரண டயரோடு வரும் நாற்சக்கர வண்டியை விட முன்னதாக நிற்கும். அந்தப் பெரிய வண்டியை வாங்கும்போது இதை யார் சொல்கிறார்கள்?

எங்கள் இளைஞர் முதல் கியரிலேயே வண்டியை இறக்கினார். பிரேக்கின் மேல் கால் வைக்கவே இல்லை. ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டியின் முகம் ஒரு கணம் திரும்பாமல் நேரே சென்றது. என் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அவர் திருப்பியதைச் சற்றே குறைத்தார். சக்கரம் மீண்டும் பிடித்துக்கொண்டது. "சங்கிலி இருப்பது பின்னால். வளைப்பது முன்சக்கரம், ஜனாப். அதற்குச் சங்கிலி இல்லை" என்றார் அமைதியாக. முன்சக்கரத்தில் சங்கிலி கட்டிய கார்களுக்கோ இறக்கத்தில் வேறு இடர்: முகம் நிற்கும், வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். ஒரு சக்கரத்தின் பிடிமானம் கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தைப் போன்றது. வளைப்பதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் பை காலியாகிவிடும்.

பாதி வழி இறங்கியிருப்போம். அடுத்த வளைவில் அந்த நாற்சக்கர வண்டி நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது தவறு. முகம் பனிச்சுவரில் புதைந்து, பின்பகுதி ஓரத்து வடிகால் பள்ளத்தில் சரிந்து, சாய்ந்து கிடந்தது. வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பள்ளத்திற்கு அப்பால் மரங்கள். மரங்களுக்கு அப்பால் ஒன்றுமில்லை. யாருக்கும் அடிபடவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, ஐவரும் உள்ளே அமர்ந்திருந்தார்கள். கால் மணி நேரமாக அப்படி இருப்பதாகச் சொன்னார்.

எங்கள் இளைஞர் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேரே வண்டியின் பின்னால் ஓடி, பள்ளத்தில் இறங்கி, கைகளால் பனியைத் தோண்டத் தொடங்கினார். "எஞ்சினை அணையுங்கள்! கதவைத் திறங்கள்!" என்று கத்தினார். புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தது. வெளியேற வழியில்லாத புகை வண்டிக்குள் நுழையும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவது போலிருக்கும், அவ்வளவுதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்புயலில் சிக்கிய வாகனங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அவர்களில் பலரைக் கொன்றது குளிர் அன்று, இந்தப் புகை.

மூதாட்டியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தோம். "தலை பாரமாக இருக்கிறது மகனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திறந்த காற்றில் சற்று நேரம் நின்ற பின் தெளிந்தார். பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றுமில்லை, பசிதான். மைத்துனர் தம் சட்டைப் பையிலிருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தார்.

மீட்பு எவ்வாறு நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மேலிருந்து ஒரு பழைய ஜிப்ஸி வந்தது. அதன் ஓட்டுநர் கயிற்றைக் கட்டி, சிறு தண்டை லோ கியரில் போட்டு, நான்கு சக்கரமும் அங்குலம் அங்குலமாக உருள, அந்தப் பெரிய வண்டியைச் சாலைக்கு இழுத்துவிட்டார். இரண்டு சக்கரம் மட்டும் சுற்றும் எந்த வண்டியாலும் அது முடிந்திராது. நாற்சக்கர இயக்கத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்றே இதை எழுதுகிறேன். சாலைக்கு வந்த வண்டியை அதன் உரிமையாளர் தனியே, முதல் கியரில், எங்கள் பின்னாலேயே ஓட்டிவந்தார். அவர் குடும்பத்தார் நால்வரும் சுமோவில் எங்களோடு ஏறிக்கொண்டார்கள். "நல்லது, பின்னால் பாரம் கூடிவிட்டது" என்றார் இளைஞர். மூதாட்டி அதைத் தம்மைப் பற்றிய பகடியாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

தங்மார்க்கை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஸ்ரீநகர் ஓட்டுநர் காங்கிரியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் காத்திருந்தார். அந்தக் குடும்பத் தலைவர் எங்களிடம் விடைபெறுகையில் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், இளைஞரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனிச் சமதரைதான் என்று நான் நிம்மதியாகச் சாய்ந்தேன். எங்கள் ஓட்டுநர் நிம்மதியாக இல்லை. காலையில் தார் தெரிந்த அந்தச் சாலை இப்போது விளக்கொளியில் நனைந்தது போல் மின்னியது. "ஈரமாக இருக்கிறதே, மழையா?" என்றேன். "மழையாக இருந்தால் நல்லது" என்றார். உருகி ஓடிய நீர் தார் மேலேயே மெல்லிய ஏடாக உறைந்திருந்தது. பார்வைக்குத் தார், தொட்டால் பனிக்கட்டி. குன்ஸரைத் தாண்டியதும் எங்கள் கார் ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. அவர் கிளட்சை மிதிக்கவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்தார். முட்டையின் மேல் மிதிப்பவரைப் போல் காலைப் பழக்கியிருந்தார் அந்த மனிதர். சக்கரம் எங்கோ ஒரு பிடி மண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டது. மைத்துனர் இருக்கையின் விளிம்பைப் பற்றிய கையை எடுக்கவே இல்லை. அதன் பிறகு மணிக்கு இருபது கிலோமீட்டர்.

யாரும் பேசவில்லை. மாகாம் கடந்தது. ஒருவாறு நார்பல் வந்தது, தார் காய்ந்திருந்தது. சாலையோரத்தில் ஒரு ரொட்டிக்கடை திறந்திருந்தது; தந்தூர் அடுப்பின் செந்நிற ஒளி பனியில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, தங்மார்க்கிலிருந்து புறப்பட்ட பிறகு முதன்முறையாக பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது.

"சூடாக நான்கு ரொட்டி வாங்கி வருகிறேன், மௌலானா ஸாஹிப்" என்று இறங்கிப் போனார்.